ஜெலற்றின் இல்லாத சமையலறை: அகர் அகரோடு சில வருடங்கள்

எங்கள் வீட்டில் மாமி முழுச் சைவம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமையிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடமாட்டோம். பிள்ளைகளுக்கோ ஜெலி இல்லாமல் சரிவராது. அதனால் ஜெலற்றினை வாங்குவதை விட்டுச் சில வருடமாகிறது. அந்த இடத்தை, கடற்பாசியிலிருந்து எடுக்கிற அகர் அகர் பிடித்துக்கொண்டது. எதற்குச் சரிவந்தது, எதற்கு வரவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

ஜெலற்றின் என்பது பன்றி, மாடு, சிலவேளை மீன் ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி, அதிலுள்ள கொலாஜெனிலிருந்து எடுப்பது. பாலைக் கறப்பது மாதிரி, விலங்கு உயிரோடிருக்க எடுக்கிற பொருள் இல்லை. ஹலால் முத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிற சைவக்காரர் பலர் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அந்த முத்திரை பன்றி இல்லை என்பதற்கு உறுதி. மாடு இருக்கலாம். சோனகத் தெருவில் இருக்கும் என் சிநேகிதிக்கு ஹலால் ஜெலற்றின் பிரச்சினையே இல்லை. ஆனாலும் நோன்பு நாளில் அவள் வீட்டில் செய்வது கடற்பாசிதான். பக்கெற்றில் அகர் அகர் என்று எழுதியிருப்பதும் அதுதான். ரின்பால் விட்டு, ஏலக்காய் போட்டு அவள் செய்ததைச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது.

யாழ்ப்பாண வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. ஜெலற்றின் ஜெலி 30 பாகைக்கு மேலே போனால் இளகத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் எங்கள் குசினியே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அகர் அகர் 35 முதல் 40 பாகைக்குள், வெளியே வைத்தாலே இறுகிவிடும். இறுகியதை மறுபடி உருக்க 85 பாகை வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாக இருந்தது. அப்போதும் அகர் ஜெலி குலையவில்லை. கிருமிகளை வளர்த்து ஆராய்கிறவர்களும் இதே காரணத்துக்காகத்தான் ஜெலற்றினை விட்டு இதற்கு வந்தார்கள். 1881 இல் ஜேர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸவுக்கு, ஜெலற்றின் சூட்டில் உருகுவது பெரிய தலையிடி. அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னது அவர் மனைவி ஃபனி. தான் ஜெலி செய்யப் பாவித்த பொருளைத்தான் அவர் சொன்னார். குசினியிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போன யோசனை!

அளவு: அரை லீற்றருக்கு 3 கிராம் தூள் போட்டால் மென்மையாக வரும், 4 கிராம் என்றால் கத்தியால் வெட்டலாம். ஜெலற்றின் என்றால் இதற்கு 10 கிராமுக்கு மேல் வேண்டும், ஆகவே பக்கெற் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெந்நீரில் கலக்கினால் மட்டும் கரையாது. பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதிக்கவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் கிண்ட வேண்டும். தேசிக்காய்ப் புளியைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறுக்கம் குறைந்துவிடும், அதனால் அடுப்பை நிற்பாட்டிய பிறகுதான் புளி. பச்சை அன்னாசியையும் பப்பாப்பழத்தையும் ஜெலற்றினில் போட்டால் அவற்றின் நொதியம் புரதத்தை வெட்டிவிடும், ஜெலி இறுகவே இறுகாது. அகர் புரதம் இல்லை, அன்னாசித் துண்டுகள் அதற்குள்ளே சும்மா இருக்கும். எங்கள் வீட்டில் அதிகம் செய்வது அன்னாசி ஜெலியும் கறுத்தக்கொழும்பான் மாம்பழ ஜெலியும்தான்.

குறையும் இருக்கிறது. ஜெலற்றின் வாயில் தானாகக் கரையும், அகரைக் கடிக்க வேண்டும். கடைசி மகள் இன்னமும் "இது ஆடேல்லையே" என்கிறாள். மாமிக்கு அந்தக் கடிதான் பிடிக்கும். இரண்டாம் நாள் ஓரத்தில் தண்ணி விடும். உறையவைத்து எடுத்தால் கஞ்சல்தான். புடிங் மாதிரி வழவழப்பு வேண்டுமென்றால் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கோர்ன்பிளவரும் சேர்த்துக் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

ஜெலியை விட எனக்குக் கோபம் யோகட்டில். பால் என்று நம்பிக் கோயிலுக்குப் போய்வந்து சாப்பிடுகிறோம். கோப்பையைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ஜெலற்றின் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது தயிர் உறைவதற்காக இல்லை, தண்ணி பிரியாமல் கெட்டியாக நிற்பதற்காக. இந்தியாவிலிருந்து வருகிற பொருட்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கலாம், உள்ளூர்ப் பொருட்களில் சேர்மானத்தை வாசிக்கத்தான் வேண்டும். சேர்மானங்களுக்கு இலக்கமும் போடுவார்கள்: 406 என்றால் அகர், 407 கரகீனன் (இதுவும் கடற்பாசியிலிருந்து எடுப்பது), 440 பெக்ரின் (பழத்திலிருந்து எடுப்பது), மூன்றிலும் விலங்கு இல்லை. 441 ஜெலற்றின். யோகட்டுக்கு அகர் போட்டும் பார்த்தேன், கரண்டி பட்டதும் உடைந்துபோகிறது. இப்போது சட்டித் தயிரும் பனங்கட்டியும்தான், அதற்கு எந்த மாற்றும் தேவையில்லை.

கரகீனனைத் தனியாக வாங்கிச் சமைக்க எனக்குத் தேவை வரவில்லை, ஐஸ்கிறீமிலும் சொக்லற் பாலிலும் அது தானாகவே வந்துசேர்கிறது. பூநகரிப் பக்கம் வலைப்பாட்டுக் கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கிற பாசி கரகீனன் எடுக்கிற இனம்தான். இங்கே காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பெக்ரின் ஜாமுக்கு மட்டும். சீனியும் புளியும் நிறைய வேண்டும், நீரிழிவுக்காரருக்கு ஒத்துவராது.

மருந்துக் குளிசைகளின் கூடும் பெரும்பாலும் ஜெலற்றின். மாமிக்கு எழுதிய விற்றமின் மென்கூட்டில் இருந்தது. மருந்தாளரிடம் கேட்டோம், அதையே கூடில்லாத வில்லையாக மாற்றித் தர வைத்தியர் சம்மதித்தார். தாவரக் கூட்டில் வருகிறவையும் உண்டு, அவற்றில் எச்பிஎம்சி என்று இருக்கும், விலை கூட. கூட்டை உடைத்துத் தூளை மட்டும் விழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சில மருந்து குடலில் போய்க் கரைய வேண்டும் என்றே கூட்டில் அடைக்கப்படுகிறது, கேட்காமல் அப்படிச் செய்யவேண்டாம்.

கனடாப் பொதியில் வருகிற மார்ஷ்மலோவுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அகரில் அடித்துப் பார்த்தேன். நுரை நிற்கிறது, இழுபடுவதில்லை. திருவிழா முடியும்வரை அந்தப் பக்கெற் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும்.