கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவி: குப்பம் பக்கத்துப் பாறைகளில் நீண்ட நாள் பயன்பாடு

குப்பம், வி.கோட்டா, பலமநேர், இந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி, நாட்டறம்பள்ளி என்று ஆந்திர எல்லையின் இரு புறமும் பாறை பார்த்துச் சுற்றுவது என் தொழில். சில ஆண்டுகளாகக் கையில் ஒரு எக்ஸ்.ஆர்.எஃப். கருவியும் இருக்கிறது: எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்துக் கல்லில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்வது. வாங்கலாமா என்று கேட்பவர்களில் கல்லூரியில் நிலவியல் நடத்துபவர்களும் உண்டு, கல் வியாபாரம் செய்பவர்களும் உண்டு. விற்க வருபவர்கள் டெமோவுக்கு ஒரு எஃகுத் துண்டைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். வைத்து அழுத்தினால் சில நொடிகளில் கிரேடு வந்துவிடும், பார்க்கிறவருக்கும் ஆசை வந்துவிடும். பாறையில் வைத்தால் கதை வேறு.

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோடியம் வராது. அதன் எக்ஸ் கதிருக்கு ஆற்றல் மிகக் குறைவு, கல்லுக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள காற்றே அதை விழுங்கிவிடும். மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் எண்கள் வரும், ஆனால் அவற்றை வைத்துப் பந்தயம் கட்ட முடியாது. ஆகவே எரிமலைப் பாறைக்குப் பெயர் வைக்க 1986-இல் வந்த வரைபடம் இருக்கிறதே, ஒரு பக்கம் சிலிக்கா, இன்னொரு பக்கம் சோடியமும் பொட்டாசியமும் கூட்டி வைப்பது, அதை இந்தக் கருவியால் போடவே முடியாது.

ஆனால் எங்கள் பகுதிக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. இங்கே உள்ள பாறைகளில் பல 200 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. சூட்டிலும் நீரிலும் கிடந்ததில் சோடியமும் பொட்டாசியமும் எப்போதோ இடம் மாறியிருக்கும். டைட்டானியம், சர்கோனியம், இட்ரியம், நியோபியம் நான்கும் அவ்வளவு சுலபத்தில் நகராது. அவற்றை மட்டும் வைத்து வின்செஸ்டரும் ஃபிளாய்டும் 1977-இல் ஒரு வரைபடம் தந்தார்கள். இந்தக் கருவி நன்றாக அளக்கும் தனிமங்களும் கிட்டத்தட்ட இவைதான், கூடவே ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம், இரும்பு. இதனால்தான் இன்னும் இதை விற்காமல் வைத்திருக்கிறேன்.

அதிகம் பயன்பட்டது டைக்குகளில், அதாவது பழைய பாறையின் விரிசலில் குழம்பு நுழைந்து சுவர்போல உறைந்தவற்றில். குப்பம் சுற்றுவட்டாரத்தில் 'பிளாக் கிரானைட்' என்று வெட்டுவது உண்மையில் டோலரைட், பாறைக்குழம்பு பூமிக்குள்ளேயே உறைந்த கறுப்புக் கல். கிழக்கு தார்வார் என்ற இந்தப் பழைய நிலப்பகுதியில் இந்த டைக்குகள் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. பெரிய கூட்டம் ஒன்று சுமார் 237 கோடி ஆண்டுக்கு முன்பு நுழைந்தது, 220 கோடி அளவில் வேறு சில, 188 கோடி அளவில் இன்னொன்று. வெளியே பார்த்தால் எல்லாம் கறுப்புதான். ஒரு குவாரியில் மேஸ்திரி கேட்டார்: "சார், ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற கல்லும் இதுவும் ஒண்ணுதானே? பாலிஷ் போட்டா ஷேடு மாறுதே, ஏன்?" நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் மணியின் அளவும் காந்தக் கனிமங்களும்தான். இரண்டும் ஒரே குழம்பில் பிறந்தவையா என்பது தனிக் கேள்வி. அதற்கு விகிதம்தான் பதில் சொல்லும்.

பாறைக்குழம்பு ஆறும்போது ஆலிவின், பைராக்சின், பிளேஜியோகிளேஸ் என்று படிகங்கள் பிரிகின்றன. ஆலிவின் நிக்கலை வாங்கிக்கொள்ளும், பிளேஜியோகிளேஸ் ஸ்ட்ரான்ஷியத்தை. சர்கோனியத்தையும் நியோபியத்தையும் இந்த மூன்றில் எதுவும் சேர்த்துக்கொள்ளாது. கற்கண்டு கட்டும்போது சர்க்கரை படிகமாகிப் போக மற்றதெல்லாம் பாகிலேயே தங்குவதுபோல, இரண்டும் மிஞ்சிய குழம்பில் சேர்ந்தே ஏறும். எண்கள் கூடினாலும் சர்கோனியம்–நியோபியம் விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஒரு டைக்கின் ஓரத்திலும் நடுவிலும் சர்கோனியம் வேறுவேறாக வந்து விகிதம் ஒன்றாக இருந்தால், அது ஒரே குழம்பு பல கட்டங்களில் உறைந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து டைக்கில் விகிதமே மாறினால் மூலம் வேறாக இருக்கலாம், பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் உருகிய அளவு வேறாக இருக்கலாம், இல்லை மேலே வரும் வழியில் பழைய கண்டப் பாறையைத் தின்றுகொண்டு வந்திருக்கலாம். இதில் எது என்று கருவி சொல்லாது. நேரில் பார்த்த வெட்டுமுகம்தான் சொல்ல வேண்டும்: எந்த டைக் எதை வெட்டிக்கொண்டு போகிறது, ஓரம் எங்கே மணி சிறுத்து உறைந்திருக்கிறது என்று. வயதும் இதில் தெரியாது. அதற்கு யுரேனியம்–ஈயம் முறைதான் வழி.

நாட்டறம்பள்ளி வழியாகத் திருப்பத்தூர் பக்கம் போனால் செவ்வாத்தூர். தமிழக அரசின் டாமின் நிறுவனத்தின் வெர்மிகுலைட் சுரங்கம் உள்ள இடம் என்றால் பலருக்கும் தெரியும். அங்கே உள்ள கார்பனடைட், அதாவது கார்பனேட் குழம்பு உறைந்த பாறை, சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டு வயதுள்ளது. பார்க்கப் பளிங்குபோல வெள்ளையாக இருக்கும், அமிலச் சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல்லைப் போலவே பொங்கும். கடலில் படிந்ததா, மேன்டிலிலிருந்து உருகி வந்ததா என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். கருவியை வைத்தால் ஸ்ட்ரான்ஷியம் ஆயிரக்கணக்கான பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டும், சாதாரண சுண்ணாம்புக்கல்லில் சில நூறைத் தாண்டுவது அபூர்வம். லாந்தனம், சீரியம் எழும். நியோபியம் தங்கும் பைரோகுளோர் என்ற கனிமத்தின் மணி ஒன்று பீமுக்கு நேராக மாட்டினால் நியோபியம் எகிறும், கூடவே யுரேனியமும் தலைகாட்டும். இரண்டு விரல் தள்ளி வைத்தால் நியோபியம் காணாமல் போயிருக்கும். அதனால் ஒரே புள்ளியை நம்பக்கூடாது.

இங்கேதான் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில ஆற்றல்களில் கதிர் விடும், அவைதான் நிறமாலையில் வரிகளாகத் தெரியும். ஸ்ட்ரான்ஷியத்தின் கே-பீட்டா வரியும் சர்கோனியத்தின் கே-ஆல்ஃபா வரியும் நிறமாலையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். மென்பொருள் கழித்துத்தான் தரும், ஆனால் ஸ்ட்ரான்ஷியம் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அந்தக் கழித்தலில் மிஞ்சும் பிழையே சர்கோனியமாக வேடம் போட்டு நிற்கும். ருபீடியம் நிறைய உள்ள கிரானைட்டில் இட்ரியத்துக்கும் இதே கதி. அது சாதாரண தொல்லை இல்லை. கிரானைட்டில் ஸ்ட்ரான்ஷியம்–இட்ரியம் விகிதம் மிக உயர்ந்திருந்தால், உருகிய இடத்தில் கார்னெட் என்ற கனிமம் தங்கி இட்ரியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது, அதாவது குழம்பு ஆழத்தில் பிறந்தது என்று நாம் வாதம் கட்டுகிறோம். அந்த இட்ரியமே தப்பென்றால் 40 கி.மீ. ஆழம் பற்றிய பேச்செல்லாம் காற்றில் போகும். இப்படிப்பட்ட கற்களில் திரையில் வரும் எண்ணை விட்டுவிட்டு நிறமாலையின் வரைகோட்டையே திறந்து பாருங்கள். அதைக் காட்ட மறுக்கும் மாடல் என்றால் வாங்கவே வேண்டாம்.

கிரானைட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கருவி பார்க்கும் வட்டம் எட்டு மில்லிமீட்டர் அளவுதான். எங்கள் பக்கத்துக் கிரானைட்டில் ஃபெல்ஸ்பார் படிகமே அதைவிடப் பெரிதாக இருக்கும். நேராகக் கல்லில் வைத்தால் கிடைப்பது அந்த ஃபெல்ஸ்பாரின் கணக்கு, பாறையின் கணக்கு அல்ல. தாராளமாக உடைத்து, மாவாக அரைத்து, காயவைத்து, கப்பில் அழுத்தி அளந்தால்தான் ஒழுங்காக வரும். அப்படிச் செய்யும்போது 'கையடக்க' என்பதில் பாதி அர்த்தம் போய்விடுகிறது, சரி.

மாவாக்கி அளந்த மாதிரிகளில் ஒரு பகுதியை கல்லைக் கரைத்துத் தனிமங்களை நிறை வாரியாகப் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். ஆய்வகத்துக்கும் அனுப்புவேன். லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்களுக்கு, குறிப்பாக அவற்றில் யூரோப்பியம் மட்டும் குறைந்திருக்கிறதா என்று தெரிய, அதுதான் வழி. சர்கோனியத்தில் மட்டும் ஆய்வக எண் என் எண்ணைவிடக் குறைவாக வருவது உண்டு. முதலில் எல்லாரும் கருவியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் திறந்த பாத்திரத்தில் அமிலத்தில் கரைக்கும் முறையில் சர்கோனியம் தங்கும் சிர்கான் கனிம மணிகள் முழுசாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும். லித்தியம் மெட்டாபோரேட் போட்டு உருக்கிக் கரைத்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் எது சரி என்று முடிவு செய்ய வேண்டும்.

காலையில் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு தரமாதிரியை அளப்பது என் பழக்கம். என்னிடம் இருப்பது அமெரிக்க நிலவியல் துறையின் பி.சி.ஆர்.-2 பசால்ட் தூள்: ருபீடியம் 48, ஸ்ட்ரான்ஷியம் 346, சர்கோனியம் 188 பி.பி.எம். டோலரைட்டுக்கு நெருங்கிய சாதி, ஆகவே எனக்குத் தோது. தரமாதிரி எதற்கு என்று கேட்பவருக்கு 1951-ஐ நினைவுபடுத்தலாம். ஜி-1 என்ற கிரானைட்டையும் டபிள்யூ-1 என்ற டோலரைட்டையும் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, வந்த விடைகளை அந்த ஆண்டு வெளியிட்டார்கள். ஒரே தூளுக்கு அத்தனை விதமான எண்கள் வந்ததில் துறையே கொஞ்சம் ஆடிப்போனது.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: ஏப்ரல், மே வெயிலில் கருவியைப் பாறை மேலேயே வைத்தால் சூடாகி நின்றுவிடும், குடை வேண்டும். முன்னால் உள்ள மெல்லிய ஜன்னல் படலம் கூரான சில்லுபட்டுக் கிழியும். உதிரிப் படலம் பையில் இருக்கட்டும், கிழிந்த நிலையில் அளந்து தூசி உள்ளே போனால் டிடெக்டருக்கே ஆபத்து. என் கருவி ஒருமுறை சர்வீஸுக்குப் போனபோது வாரக்கணக்கில் பதிலே இல்லை, தொலைபேசியில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. வாங்குமுன் சர்வீஸ் எங்கே நடக்கிறது, மாற்றுக் கருவி தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் சாதனம் என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேலையும் உண்டு, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பழைய கருவி வாங்குபவர்கள் அதன் எக்ஸ் கதிர்க் குழாய் எத்தனை கிலோவோல்ட் என்று கட்டாயம் கேட்க வேண்டும். சீரியத்தின் கே வரியை எழுப்ப 40.4 கிலோவோல்ட்டுக்கு மேல் தேவை, 40-இல் நிற்கும் கருவி அதைத் தொடவே தொடாது. செவ்வாத்தூர் மாதிரி இடங்களில் வேலை இருந்தால் 50-க்குக் குறைந்து வாங்காதீர்கள். டைக் மட்டும்தான் என்றால் 40 போதும், விலையும் இறங்கும்.