கடவாய்ப்பல் சொத்தை: புடுங்குறதா, ரூட் கெனாலா, புடுங்கிட்டா அந்த ஓட்டைக்கு என்ன பண்றது?

காலையில கிளினிக் ஷட்டரைத் தூக்கினதும் கவுண்டர்ல வர்ற முதல் கேள்வி அநேகமா இதுவாத்தான் இருக்கும்: "ஏம்மா, பல்லு புடுங்க எவ்வளவு?" ஏழு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கேன். நான் டாக்டர் இல்ல, டோக்கன் போடுறவ, பில் எழுதுறவ, கூட்டமா இருந்தா உள்ள போய் எச்சி உறிஞ்சுற பைப்பைப் பிடிக்கிறவ. உள்ள டாக்டர் ரூட் கெனால்னு, அதாவது பல்லைப் புடுங்காம உள்ள நரம்பை மட்டும் எடுத்துட்டு அடைக்கிற வைத்தியம்னு சொன்னதும் ஆளுங்க முகமே மாறிடும், வெளிய வந்து என்கிட்ட ரகசியமா "எடுத்துட்டா ஐநூறு ரூபாயோட போயிடுமேம்மா, எதுக்கு பத்தாயிரம்"னு கேப்பாங்க. அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். மீதிப் பாதி என் வாயிலயே நடந்துச்சு, அதனாலதான் எழுத உக்காந்தேன்.

எந்தப் பல்லைப் பத்திப் பேசுறோம்னா, கீழ் கடவாயில முதல்ல முளைக்கிற பெரிய பல்லு. ஆறு வயசு வாக்குல எந்தப் பால் பல்லும் விழாமலே பின்னாடி தானா முளைச்சு நிக்கும், அதனால வீட்ல இதுவும் பால் பல்லுதான் விழுந்து முளைச்சுக்கும்னு விட்டுடுவாங்க. விழாது, கடைசி வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு இது. மேல குழி குழியா இருக்கும், பிஸ்கட் மாவும் சிப்ஸும் போய் அடைஞ்சுக்கும், சொத்தை சீக்கிரம் பிடிக்கிறது இதைத்தான். பத்து வயசுப் பிள்ளைக்கு இந்தப் பல்லு பாதி கரைஞ்சு வர்றதைப் பாக்கும்போது வயிறு எரியும்.

சொத்தை எந்த அளவுல இருக்குன்றதுதான் முதல் விஷயம். ஜில்லுனு தண்ணி பட்டா சுருக்குனு இழுத்து உடனே விட்டுடுதுன்னா பெரும்பாலும் அடைச்சாலே போதும், ஆயிரத்துச் சொச்சத்துல வேலை முடிஞ்சிடும். ராத்திரி தலையைச் சாய்ச்சா விண்ணு விண்ணுனு தெறிக்குது, சூடா காபி குடிச்சா வலி நிக்கவே மாட்டேங்குதுன்னா சொத்தை நரம்பு வரைக்கும் போயாச்சு, இனி அடைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. இதுக்கு அப்புறம் ஒரு நாள் வலி தானா நின்னுடும் பாருங்க, அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. கிராம்புத் தைலம் கேட்டுச்சு, மெடிக்கல்ல வாங்கின மாத்திரை கேட்டுச்சுனு சந்தோஷமா இருப்பாங்க, ஆனா உள்ள நரம்பு செத்துப்போயிருக்கும், கிருமி வேர் நுனிக்கு இறங்கிச் சீழ் கட்டிக்கிட்டு இருக்கும். செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாது, அப்புறம் ஆன்டிபயாட்டிக் எந்த வழியா உள்ள போகும்? வீக்கம் அடங்கும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு தீபாவளி அன்னைக்கு கன்னம் பன்னு மாதிரி வீங்கும். இன்னொண்ணு, வலிக்குற இடத்துல ஆஸ்பிரின் மாத்திரையை அப்படியே வச்சு அமுக்கிட்டு வர்றவங்க இன்னமும் இருக்காங்க, ஈறு வெந்து வெள்ளையா போயிடும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

சரி, புடுங்குறதையும் ரூட் கெனாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்.

புடுங்குறதுன்னா ஒரே தடவை. மரத்துப்போக ஊசி, அரை மணி நேரம், பஞ்சைக் கடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்க ஊர்ப் பக்கம் ஐநூறுல இருந்து ஆயிரம் வரைக்கும், அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுல அதுவும் கிடையாது. அன்னைக்குத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வச்சு உறியக் கூடாது, பீடி சிகரெட் கிட்டவே போகக் கூடாது. இதைக் கேக்காம விட்டா குழியில உறைஞ்ச ரத்தக்கட்டி பேந்துபோய் ரெண்டு மூணு நாள்ல எலும்பு வெளிய தெரியுற மாதிரி ஒரு வலி வரும் பாருங்க, பல்வலியே தேவலாம்னு தோணும், கீழ் கடவாய்லதான் இது அதிகம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க நீங்களா நிறுத்திட்டு வராதீங்க, டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க, இருதய டாக்டர்கிட்ட கேட்டுட்டு அவங்க முடிவு பண்ணுவாங்க.

ரூட் கெனால்ல பல்லு இருக்கும், உள்ள இருக்குற நரம்பு மட்டும் போகும். ஊசி போட்டு, மேல துளை போட்டு, ஒவ்வொரு வேர் குழாயிலயும் ஊசி மாதிரி மெல்லிசான ஃபைல் விட்டுத் தேய்ச்சு, கிருமி சாக மருந்துத் தண்ணி விட்டுக் கழுவுவாங்க, துணி வெளுக்குற பிளீச்சுல இருக்குற அதே சோடியம் ஹைபோகுளோரைட்தான், அந்த வாசனை வர்றது அதனாலதான். அப்புறம் கட்டா பெர்ச்சான்னு ஒரு மரத்துப் பால்ல இருந்து வர்ற ரப்பர் மாதிரி குச்சியை வச்சு அடைப்பாங்க. கடவாய்ப் பல்லுல மூணு நாலு குழாய் இருக்கும், ஒண்ணை விட்டுட்டா திரும்ப வலிக்கும், அதனாலதான் எக்ஸ்ரே மேல எக்ஸ்ரேவா எடுக்குறது, காசு பிடுங்குறதுக்கு இல்ல. ஒண்ணுல இருந்து மூணு தடவை வரணும். வலிக்குமேன்னு பயப்படுவாங்க, உண்மையில வலி எல்லாம் வர்றதுக்கு முன்னாடி ராத்திரியிலேயே அனுபவிச்சிருப்பாங்க, உள்ள நாற்காலியில குறட்டை விட்டவங்களையே நான் பாத்திருக்கேன். கன்னம் வீங்கி சீழ் கட்டின நிலைமையில மட்டும் ஊசி சரியா பிடிக்காது, அன்னைக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், மறைக்கல.

ரேட்டு ரூட் கெனாலுக்கு மூணுல இருந்து அஞ்சாயிரம், பல்லு மேல தொப்பி மாதிரி மாட்டுற கேப்புக்கு இன்னொரு மூணுல இருந்து அஞ்சாயிரம், ஜிர்கோனியான்ற வெள்ளை கேப்புன்னா எட்டாயிரத்துக்கு மேல. சென்னை கோயம்புத்தூர்ல கூடவே இருக்கும். ஐநூறு பக்கத்துல இதை வச்சா பயமாத்தான் இருக்கும், ஆனா ஐநூறு குடுத்துப் புடுங்குனா கிடைக்கிறது ஓட்டை, பல்லு இல்ல. அந்த ஓட்டையில ஏதாவது வைக்கணும்னா பிரிட்ஜுக்கு, அதாவது பக்கத்துப் பல்லு ரெண்டையும் பிடிச்சு மாட்டுற பல்லுக்கு, மூணு கேப் காசு, இம்ப்ளான்ட்டுன்னா, அதாவது எலும்புல ஸ்க்ரூ வச்சு மாட்டுற பல்லுன்னா, இருபத்தஞ்சுல ஆரம்பிச்சு நாப்பதாயிரம் வரைக்கும் போகும். அப்போ எது சிக்கனம்?

கவுண்டர்ல இதைச் சொன்னா "நான் ஒண்ணும் வைக்கல, அப்படியே விட்டுடுறேன்"பாங்க. விடலாம், உடனே ஒண்ணும் ஆகாது. வருஷம் போகப்போகப் பின்னாடி பல்லு காலி இடத்தைப் பாத்துச் சாயும், மேல் பல்லு கடிக்க ஆள் இல்லாம மெல்லமா கீழ இறங்கும், அந்த இடத்து எலும்பு கரைஞ்சு மெலியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகாது, ஆனா ஆனவங்க அஞ்சு வருஷம் கழிச்சு இம்ப்ளான்ட் கேட்டு வரும்போது எலும்பு பத்தாதுன்னு சொல்ல வேண்டி வருது.

அதுக்காக எல்லாப் பல்லையும் காப்பாத்திக்கிட்டே இருக்கணும்னும் இல்ல. ஈறுக்கு மேல பல்லே மிச்சம் இல்லாம வெறும் வேர் மட்டும் நிக்குதா, வேர் வரைக்கும் நெடுக்கா பொளந்திருக்கா, ஈறு நோய் வந்து பல்லு ஊஞ்சல் ஆடுதா, கோணலா முளைச்ச ஞானப்பல்லா, இதுக்கெல்லாம் ரூட் கெனால் பண்றது காசைக் கரைக்கிற வேலை. "கேப் நிக்க கீழ சுவர் இருக்கா டாக்டர்?"னு ஒரு கேள்வி கேட்டுடுங்க, எக்ஸ்ரேவைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா வேற கிளினிக் பாருங்க.

இப்போ என் கதை. எனக்குக் கீழ் வலது கடவாய் சொத்தை, எங்க கிளினிக்லயே ஸ்டாஃப் ரேட்ல ரூட் கெனால் ஆச்சு, வலி சுத்தமா போச்சு, டாக்டர் கேப் போட்டுக்கோன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாந்தான் அடுத்த மாசம் சீட்டு எடுத்துட்டுப் போட்டுக்கிறேன்னு ஒரு வருஷம் ஓட்டினேன். வர்றவங்களுக்கெல்லாம் கேப்பைப் பத்தி பாடம் நடத்துறவ நான்! ரூட் கெனால் பண்ண பல்லு ஏற்கெனவே சொத்தையில பாதி போனது, வைத்தியத்துக்குப் போட்ட துளையில இன்னும் கொஞ்சம் போனது, சுத்திச் சுவர் மெல்லிசா ஓட்டு வீடு மாதிரி நிக்கும், அதைக் கட்டிப் பிடிக்கத்தான் கேப். போன ஆவணியில கோகுலாஷ்டமி அன்னைக்கு ஒரு சீடையைக் கடிச்சேன், டக்குனு ஒரு சத்தம். சீடை முழுசா இருந்துச்சு, பல்லு ரெண்டா பொளந்துடுச்சு. வேர் வரைக்கும் போயிட்டதால எடுக்குறதைத் தவிர வழியில்ல, குடுத்த ரூட் கெனால் காசும் போச்சு.

கேப்புல எதுன்னு கேப்பீங்க. கடவாய்க்கு மெட்டல் கேப் பாக்க அசிங்கம்தான் ஆனா பல்லைக் குறைவாத்தான் செதுக்கணும், ரொம்ப நாள் உழைக்கும். மெட்டல் மேல பீங்கான் போட்டது நடுத்தரம், சில வருஷத்துல ஈறு ஓரம் கறுப்புக் கோடு தெரியலாம், பீங்கான் சில்லு பேரலாம். ஜிர்கோனியா வெள்ளையாவும் இருக்கும் பலமாவும் இருக்கும், காசு இருந்தா அது. இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல.

ஓட்டைக்கு வருவோம், இங்கதான் எங்க குடும்பத்துலயே மூணு விதமும் இருக்கு.

பெரியப்பாவுக்குக் கழட்டி மாட்டுற பல்லு. அவருக்கு சுகர் எப்பவும் உச்சத்துல, இம்ப்ளான்ட் கேட்டுத்தான் வந்தாரு, முதல்ல சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வாங்க, இல்லன்னா புண்ணு ஆறாது ஸ்க்ரூ எலும்புல பிடிக்காதுன்னு டாக்டர் திருப்பி அனுப்பிட்டாங்க. பிளாஸ்டிக் தகடுல பல்லு, பக்கத்துப் பல்லைப் பிடிக்க ரெண்டு கம்பி, சில ஆயிரத்துல முடிஞ்சது. ராத்திரி கழட்டி டம்ளர் தண்ணில போட்டுடுவாரு, ஒரு தடவை பெரியம்மா கவனிக்காம அந்த டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவ ஊத்திட்டாங்க, சாக்கடை ஜாலியில தேடி எடுத்தோம். கறி கடிக்க முடியல, தகடுக்கு அடியில அரிசி போகுதுன்னு புலம்புவாரு, ஆனா பக்கத்துப் பல்லு எதையும் செதுக்கல, வேண்டாம்னா நாளைக்கே மாத்திக்கலாம், அந்த வசதி மத்த ரெண்டுலயும் கிடையாது.

அம்மாவுக்கு பிரிட்ஜ். போன பல்லுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ரெண்டையும் சுத்திச் செதுக்கி மூணு கேப்பைச் சேத்து மாட்டுறது, நடுவுல இருக்குறது தொங்குற டம்மி. ரெண்டு வாரத்துல சாப்பிட ஆரம்பிச்சாச்சு, சொந்தப் பல்லு மாதிரியே கடிச்சாங்க. கஷ்டம் என்னன்னா செதுக்கின எனாமல் திரும்ப வளராது, நல்ல பல்லு ரெண்டு தூணா மாறிடுச்சு, இனிமே எதுவந்தாலும் மூணுக்கும் சேத்துத்தான். டம்மிக்கு அடியில தினமும் சின்ன பிரஷ் விட்டுச் சுத்தம் பண்ணணும், அம்மா பண்ணல, யாரும் சொல்லிக் குடுக்கவும் இல்ல. பதினோராவது வருஷம் பின் தூணுக்குள்ள சொத்தை, பிரிட்ஜையே உடைச்சு எடுத்தாங்க. பக்கத்துப் பல்லு ரெண்டும் ஏற்கெனவே பெருசா அடைச்சதோ கேப் தேவைப்படுறதோன்னா நான் இன்னைக்கும் பிரிட்ஜ்தான் சொல்லுவேன். முழு நல்ல பல்லா இருந்தா மனசு வராது.

எனக்கு முன்னாடி பல்லும் பின்னாடி பல்லும் ஒரு பொட்டு சொத்தை இல்லாதது, அதனால இம்ப்ளான்ட். எலும்புல டைட்டானியம் ஸ்க்ரூ போட்டு அது எலும்போட ஒட்டினதுக்கு அப்புறம் மேல பல்லு மாட்டுறது. இது வந்த கதையே தனி, பிரானமார்க்னு ஒரு சுவீடன் டாக்டர் 1950கள்ல முயல் கால் எலும்புல டைட்டானியம் கருவி வச்சு ரத்த ஓட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, ஆராய்ச்சி முடிஞ்சு திருப்பி எடுக்கப் போனா வரமாட்டேன்னு எலும்போட ஒண்ணாயிடுச்சாம். 1965ல முதல் ஆளுக்குப் பல்லுக்காக வச்சாரு. சொத்தை பிடிக்காது, பக்கத்துப் பல்லைத் தொடாது. ஆனா சுத்தி ஈறைச் சுத்தமா வச்சுக்கலைன்னா அங்கயும் சீழ் வந்து எலும்பு கரையும், சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஆபத்து கூட. எலும்பு தேய்மானத்துக்கு ஊசி மாத்திரை எடுக்குறவங்க கட்டாயம் முன்னாடியே சொல்லணும். இன்னொரு விஷயம் விளம்பரத்துல வராது: சொந்தப் பல்லு வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்கும், சோத்துல கல்லு கிடந்தா சட்டுனு காட்டிக் குடுக்குறது அதுதான், ஸ்க்ரூவுக்கு அந்த ஜவ்வு கிடையாது.

காசு இல்லாதவங்க பல் மருத்துவக் கல்லூரியை மறந்துடாதீங்க. சென்னையில கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்குற அரசு கல்லூரி, சிதம்பரம், 2023ல ஆரம்பிச்ச புதுக்கோட்டை. படிக்கிற பிள்ளைங்க பண்ணுவாங்க, மேல ப்ரொபசர் பாப்பாங்க, நாலு தடவை அலையணும், ஒரு நாள் கூலி போகும், அதையும் கணக்குல சேத்துக்கங்க.

எனக்கு மார்கழியில ஸ்க்ரூ வச்சாச்சு, பங்குனியில அது மேல பல்லை மாட்டுறேன்னு சொல்லியிருக்காங்க. இந்த தடவை கேப்புக்கான காசை சீட்டுப் பணம் வந்த அன்னைக்கே கட்டிட்டேன், என் பில்லை நானே போட்டு. பக்கத்து வீட்டுக் கல்யாணச் சீர் முறுக்கு ரெண்டு டப்பா வந்து கிடக்கு, இடது பக்கமா வச்சு மெதுவா கடிச்சுக்கிட்டிருக்கேன்.