டீசல் தாருக்கு எந்த டயர், எந்த லிஃப்ட் கிட்? வாங்குவதற்கு முன் ஓர் அலசல்

மஹிந்திராவின் மூன்று கதவு தார், 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் எஞ்சின். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்ததிலிருந்து, இந்த வண்டியை எடுத்தவர்கள் முதல் சர்வீஸுக்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "லிஃப்ட் கிட் போட்டு வண்டியை எத்தனை இன்ச் தூக்கலாம்?"

கம்பெனியிலிருந்து வரும்போதே இதற்கு 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிறது. முன்பக்க ஏறுகோணம், அதாவது பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 41.8 டிகிரி. 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் இறங்கலாம். காட்டுப் பாதையில் இந்த வண்டி நிற்கிறதென்றால் பெரும்பாலும் டயர் பிடிக்காமல்தான் நிற்கிறது. உயரம் போதாமல் நிற்பது அபூர்வம். எனவே காசு முதலில் டயருக்கு. அடுத்து ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும். உயரம் என்பது சரியான ஸ்பிரிங் போட்டால் கூடவே வந்துசேரும், அந்த அளவு போதும்.

டயரை எடுத்துக்கொள்வோம். எல்எக்ஸ் வேரியன்ட்டில் வந்தது 255/65 ஆர்18. அகலம் 255 மி.மீ., அதில் 65 சதவீதம் சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம், அதாவது 166 மி.மீ. 18 என்பது இன்ச்சில் ரிம்மின் விட்டம். மொத்த விட்டம் 789 மி.மீ. பழைய ஏஎக்ஸில் வந்தது 245/75 ஆர்16. அதன் விட்டம் 774தான், ஆனால் சைடுவால் 184 மி.மீ. பார்வைக்கு 18 இன்ச் அலாய் கம்பீரம். கல்லில் ஏறும்போது வேலை செய்வது சைடுவால். காற்றைக் குறைத்ததும் டயர் கல்லைச் சுற்றி அணைத்துப் பிடிக்க வேண்டும். சைடுவால் குட்டையாக இருந்தால் கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும். வெளியே ஒரு வீக்கம் மட்டும் தெரியும். அந்த டயருக்குப் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை, குப்பைக்குத்தான்.

அதனால் 18 இன்ச் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு 16 இன்ச் ரிம்முக்கு இறங்கி, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான ஆல்-டெரைன் (ஏ/டி) டயரை 265/75 ஆர்16 அளவில் போடுவது. சைடுவால் 199 மி.மீ. ஆகிறது, அதாவது 18 இன்ச்சில் இருந்ததைவிட 33 மி.மீ. கூடுதல். விட்டம் 804. கிளியரன்ஸ் ஏறுவது ஏழெட்டு மி.மீ. மட்டுமே, ஸ்பீடோமீட்டர் பிழையும் 2 சதவீதத்துக்குள் அடங்கும். ரிம் அகலம் 7 முதல் 8 இன்ச் வரை இருக்கலாம். ஸ்டெப்னியோடு ஐந்தையும் வாங்கிவிடாமல் ஒரே ஒரு ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டி, பிரேக் கேலிப்பரில் இடிக்காமல் கையால் சுற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டு மீதிக்குப் பணம் கொடுங்கள்.

285/70 ஆர்17 போட ஆசைப்படுகிறவர்கள் நிறைய. படத்தில் அழகுதான். விட்டம் 831 மி.மீ. ஆகிவிடும், கிளியரன்ஸில் கிடைப்பது 21 மி.மீ. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105ல் போகும், கேமராவுக்கு அது தெரியும். ஓடோமீட்டரும் 5 சதவீதம் குறைத்தே எண்ணும். மைலேஜ் 12 என்று கணக்கு வந்தால் உண்மையில் அது 12.6. "டயர் மாத்தினதும் மைலேஜ் செத்துப்போச்சு" என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான், மீதி டயரின் எடை. டீசலின் 300 நியூட்டன் மீட்டர் 1,600 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதால் இழுவையில் பெரிய குறை தெரியாது. ஆனால் ஸ்டீயரிங்கை முழு வெட்டில் வைத்தால் உள்பக்கம் உரசும். அதைத் தவிர்க்க ரிம்மை வெளியே தள்ளினால் டயர் ஃபெண்டரை, அதாவது மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், வீல் பேரிங் சீக்கிரம் தேயும். போதாததற்கு ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கனம் கூடக்கூட அந்தக் கீலும் பிராக்கெட்டும் ஆட்டம் காணும், மேடுபள்ளத்தில் பின்கதவு கடகடக்கும்.

உரசலைச் சமதரையில் நின்று பார்ப்பது வீண். ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கிய நிலையில், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். பம்பர் ஓரம், உள் லைனர், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஓரம் என்று மூன்று இடத்திலும் கையை விட்டு இடைவெளி தடவுங்கள்.

அடுத்தது பிளை, அதாவது டயரின் பலத்தைச் சொல்லும் அடுக்குக் கணக்கு. கடைக்காரர் "10 பிளை சார், கல்லு மாதிரி" என்பார். அதுதான் பிரச்சினையே. டீசல் தார் சுமார் 1.75 டன் வண்டி. சுமை ஏற்றும் பிக்கப்புக்குச் செய்த 10 பிளை டயர் இந்த எடைக்கு வளையாது. 18 பிஎஸ்ஐக்குக் குறைத்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும், தார்ச்சாலையில் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும் முதுகில் தெரியும். கூர்மையான பாறையில் அடிக்கடி போகிறவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்கு அதே அளவில் சாதாரண லோடு ரேட்டிங் (சுமைத் திறன்) டயரே நல்லது.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015 சத்தம் குறைவு, மழைத் தார்ச்சாலையில் நம்பலாம், களிமண்ணில் டயரின் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். வாரம் முழுக்க ஊருக்குள், மாதம் ஒருமுறை மலை என்றால் இதுவே என் ஓட்டு. பிஎஃப் குட்ரிச் கேஓ2வின் சைடுவால் உறுதி, உழைப்பும் அதிகம். பதிலுக்கு விறைப்பு இருக்கும், ஈரச் சாலையில் கொஞ்சம் நிதானமும் தேவை. மேக்சிஸ் ரேசர் ஏ/டி இரண்டுக்கும் நடுவில். கூடவே வரும் சியட் சார் ஏ/டியை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன், செம்மண் பாதைக்கும் எஸ்டேட் ரோட்டுக்கும் போதும். தேய்ந்த பிறகு மாற்றினாலே சரி. கேஎம்3, பிக்ஹார்ன் மாதிரி மட்-டெரைன் எல்லாம் சேற்றில் ராஜா. ஆனால் நனைந்த நெடுஞ்சாலையில் பிரேக் தூரம் கூடும், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் டயர் சத்தத்தில் பாட்டுக் கேட்க முடியாது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் சில அளவுகள் வருவதும் போவதுமாக இருப்பதால், பழைய இருப்பு கைக்கு வரலாம். சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். ஐந்து டயரிலும் பார்க்க வேண்டும். ஆம், ஐந்து. பட்ஜெட்டை நான்குக்குப் போடாதீர்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் 4 ஹையில் முன்னும் பின்னும் இறுகப் பிணைந்து ஓடும் வண்டியில் வேறு அளவு ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் திணறும்.

புது டயருக்கு எவ்வளவு காற்று? கதவோரத் தாளில் இருப்பது கம்பெனி டயருக்கானது. சாக்பீஸ் எடுத்து டயரின் மேல் குறுக்கே தடிமனாக ஒரு கோடு இழுங்கள். நேரான தார்ச்சாலையில் நூறு மீட்டர் போய் இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக மாற்றி, கோடு சமமாக அழியும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சரளைக்கு 22 முதல் 24, பாறைக்கும் சேற்றுக்கும் 18, மணலுக்கு 15. டயர் விளிம்பை ரிம்மோடு பூட்டிவைக்கும் பீட்லாக் இல்லாத ரிம்மில் அதற்குக் கீழே போனால், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்த நொடியில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும்.

இனி சஸ்பென்ஷன். முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று (அப்பர்), கீழே ஒன்று (லோயர்) என இரண்டு ஆர்ம் தனித்தனியே தாங்கும். பின்னால் காயில் ஸ்பிரிங்குடன் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கெட்டி ஆக்சில். முன்னும் பின்னும் வேறு வேறு ஜாதி என்பதால் தூக்கினால் வரும் வியாதியும் வேறு.

மலிவான வழி ஸ்பேசர். ஷாக்கின் தலையில் ஒரு உலோகத் தட்டு. ஸ்பிரிங் அதேதான், ஷாக் அதேதான். வண்டி மட்டும் உயரும். முன்பக்கம் ஷாக்கின் தலையில் 20 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய அதன் இருமடங்கு ஏறும், ஏனென்றால் ஷாக் லோயர் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இது தெரியாமல் தடிமனான ஸ்பேசர் வைத்தால் சக்கரம் கீழே தொங்கும் நேரத்தில் அதைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் எல்லை தாண்டும், அப்பர் ஆர்ம் பால் ஜாயின்ட் முட்டும். முதலில் போவது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான சிவி பூட். ரப்பர் மடிப்பு கிழிந்து, ரிம்மின் உட்புறமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். அந்த நிலையில் தண்ணீரில் இறக்கினால் ஜாயின்ட் போச்சு. வெட்டித் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்கும். ஓட்டும் சுகத்தில் ஸ்பேசரால் எள்ளளவும் லாபமில்லை. வேண்டாம்.

முறையான கிட் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வர வேண்டும். அயர்ன்மேன், ஓல்ட் மேன் எமு, டஃப் டாக், புரோஃபெண்டர் என்று பெயர்கள் அடிபடும். பெயரைவிட முக்கியம் எடை. டீசல் எஞ்சின், அதற்கு மேல் ஸ்டீல் பம்பர், சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் விஞ்ச்: பம்பரும் விஞ்சும் சேர்ந்தால் முன்னால் 80 கிலோவுக்கு மேல் எளிதாக ஏறும். அதற்கான கனத்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மரக்கட்டை மாதிரி குதிக்கும். "அப்புறம் விஞ்ச் போடுவேன், இப்பவே ஹெவி ஸ்பிரிங் போட்டுடலாம்" என்பது பலரும் செய்யும் தப்பு. இன்று வண்டியில் நிரந்தரமாக இருக்கும் எடைக்கு வாங்குங்கள். உயரம் 40 மி.மீ. சுற்றி நின்றால் கம்பெனி அப்பர் ஆர்மே சமாளிக்கும். 50ஐத் தாண்டினால் அலைன்மென்ட்டுக்காகத் தனி அப்பர் ஆர்மும் வாங்க வேண்டிவரும். ஐந்து கதவு ராக்ஸுக்கு என்று வரும் பின்பக்க கிட் இதற்குச் சேராது, அதன் பின் அமைப்பே வேறு.

ஷாக்கில் மூன்று வகை. சாதாரண இரட்டைக்குழாய் கேஸ் ஷாக்கில் ஆயிலும் கேஸும் ஒரே அறையில். கரடுமுரடான பாதையில் அரை மணி நேரம் விடாமல் அடித்தால் ஆயில் சோப்பு நுரை மாதிரி ஆகிவிடும், வண்டி மிதக்கும். ஃபோம் செல் ஷாக்கில் கேஸுக்குப் பதில் சின்னச் சின்ன அறைகள் கொண்ட ஃபோம், அதனால் நுரை கட்டாது. ஆயிலும் அதிகம் பிடிக்கும். மோனோட்யூபில் கேஸைத் தனியாக ஒரு பிஸ்டன் அடைத்துவைக்கும், வெளிச்சுவர் வழியே சூடு சீக்கிரம் இறங்கும், சாலையில் கையாளுமை துல்லியம். ஆனால் கல் பட்டு உடம்பில் குழி விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். நெடுஞ்சாலை அதிகம் என்றால் மோனோட்யூப், கல்லும் மேடும் அதிகம் என்றால் ஃபோம் செல். தனிக் குப்பி வைத்த ரிமோட் ரிசர்வாயர் எல்லாம் பாலைவன வேகத்துக்கு. கேரளத்து வாகமண் மலை ஏற்றத்தில் 10 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அந்தக் குப்பி அலங்காரம். பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: சீல் கிட் இங்கே கிடைக்குமா, நைட்ரஜன் நிரப்ப யாரிடம் வசதி இருக்கிறது? பதில் மழுப்பலாக வந்தால், கசிந்த அன்று ஷாக்கையே புதிதாக வாங்க வேண்டியதுதான்.

நல்ல கிட்டையும் கெடுப்பது மாட்டும் வேலை. பெரும்பாலும் நடக்கும் தப்பு ஒன்றே ஒன்று. வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டையும் ஷாக் கீழ்போல்ட்டையும் இறுக்கிவிடுவார்கள். புஷ் ரப்பர் அந்த நிலையில் கவ்விக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் நாலு முறை அமுக்கி ஆட்டிய பிறகே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மெக்கானிக் கம்ப்ரசர் கன்னையே கடைசிவரை வைத்து 'டர்ர்' என்று முடித்தால் தடுத்துச் சொல்லுங்கள்.

உயர அளவைச் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, நாலு சக்கரத்திலும், மாட்டும் முன்பும் பின்பும் எடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் உயரமும் கலந்துவிடும். பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைக்கிறதா என்று பாருங்கள். தூக்கினால், பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் பான்ஹார்ட் ராடின் கோணம் மாறி பின் ஆக்சில் சில மி.மீ. ஒரு பக்கமாக ஒதுங்கும், ஒரு டயர் மட்டும் உள்ளே போன மாதிரி தெரிந்தால் காரணம் அதுதான். பிறகு அலைன்மென்ட், அதில் காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காஸ்டர் குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நெடுஞ்சாலையில் அலையும். ஹெட்லைட் வெளிச்சத்தையும் கீழே இறக்குங்கள். எதிரே வருகிறவரின் சாபம் வேண்டாம்.

சட்டப் பக்கம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி கம்பெனி குறிப்பிட்ட விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கோவையிலிருந்து வாளையார் எல்லை தாண்டிப் போகிறவர்களுக்குக் கேரள மோட்டார் வாகனத் துறையின் கண்டிப்பு தெரிந்ததே. முதலில் கண்ணில் படுவது ஃபெண்டரைத் தாண்டி நீட்டிய டயர். கழற்றிய ஒரிஜினல் டயர், ஸ்பிரிங், ஷாக் எதையும் விற்காமல் வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

கடைசியாக, இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் மார்க்கரால் நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து ஒரு கோடு போடச் சொல்லுங்கள். 500 கி.மீ.யில் ஒருமுறை, 1,000ல் ஒருமுறை, டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு திரும்பியிருக்கிறது. புது ஸ்பிரிங் அதற்குள் 5 முதல் 10 மி.மீ. உட்கார்ந்திருக்கும், அலைன்மென்ட்டை இரண்டாம் முறை செய்ய வேண்டிய நேரமும் அதுவே.