முதல் கிட் எந்த வேகனுக்கு?

மாடல் ரயில்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இன்ஜினைப் பற்றித்தான் பேச்சு. அதற்குப் பின்னால் எதை மாட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். நம் ஊர் இன்ஜினுக்குப் பின்னால் அமெரிக்க பாக்ஸ்காரையும் ஜெர்மன் டேங்கரையும் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சரி, யாராவது துணிந்து இந்திய சரக்கு வேகன் கிட், அதாவது வாங்குபவரே ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி, போடக் கிளம்பினால் எதிலிருந்து ஆரம்பிப்பது? என் கணக்கில் போட்டி நான்குக்குள்: நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என், மூட்டை ஏற்றும் பிசிஎன், எண்ணெய் டேங்கர் பிடிபிஎன், கன்டெய்னர் சுமக்கும் பிஎல்சி.

அளவு எச்ஓ என்று வைத்துக்கொள்வோம், 87-ல் ஒரு பங்கு. இதில் ஒரு சங்கடம் உண்டு. எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. நம் அகலப் பாதையின் 1676 மி.மீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எதிரே குனிந்து பார்த்தால், தொப்பைக்காரர் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பொறுக்க முடியாதவர்கள் மீட்டர் கேஜ் செய்யலாம், 12 மி.மீ. பாதையில் அது ஏறக்குறைய சரியாக உட்காரும். ஆனால் வாங்க ஆள் வேண்டுமே.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பாக்ஸ்என். எந்த லெவல் கிராஸிங்கில் நின்றாலும் கண்ணில் படும் வேகன் அதுதான். கப்ளிங்கோடு நீளம் 10,713 மி.மீ., மாடலில் 123. எட்டு வேகன் மாட்டினால் ஒரு மீட்டர். வீட்டு மேஜைக்கு வாகான அளவு.

ஆனால் இது திறந்த வேகன், உள்பக்கமும் தெரியும். நிஜத்தில் பக்கத் தகட்டின் கனம் சில மில்லிமீட்டர்தான். மாடலில் சுவரை 1 மி.மீ. வைத்தாலே அது 87 மி.மீ. சுவருக்குச் சமம். வீட்டு 3டி பிரின்டரில் இரண்டு செய்து பார்த்தேன். வெளிப்பக்கத்துச் செங்குத்துச் சட்டங்கள் எல்லாம் அழகாகவே வந்தன. மேலிருந்து பார்த்தால் மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி! கரித்தூளை ஒட்டி மறைத்தேன். மறைக்கலாம்தான், ஆனால் அப்புறம் காலி வண்டி ஓட்ட முடியாது. அதோடு பாக்ஸ்என்னுக்கு அழகே வரிசைதான். நிஜத்தில் ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு முழு சரக்கு ரயிலுக்கு, 58 வேகன். மாடலில் அது 7 மீட்டரைத் தாண்டும். ஒன்றிரண்டை மட்டும் நிறுத்தினால் ஏதோ கழற்றிவிட்டுப் போன வண்டி போலத் தெரியும்.

பிஎல்சி வேறு மாதிரி. கையில் கால்குலேட்டரோடு உட்கார்பவருக்குப் பிடித்த வேகன் இது. தாழ்வான தளம் வேண்டும் என்பதால் இதன் சக்கரம் சிறியது, 840 மி.மீ. அமெரிக்க வேகன்களின் 33 இஞ்ச் சக்கரம் 838 மி.மீ. ஆக எச்ஓவில் ரெடிமேடாகக் கிடைக்கும் சக்கரமே அச்சாகப் பொருந்திவிடும். மேலே வைக்கும் கன்டெய்னரும் உலகம் முழுக்க ஒரே அளவு, எந்தக் கம்பெனி மாடலையும் வைக்கலாம். நிஜத்தில் ஐந்து வேகன் சேர்ந்ததுதான் ஒரு யூனிட். இரண்டு முனைகளில் மட்டும் வழக்கமான கப்ளிங், நடுவில் வெறும் இணைப்புத் தண்டு. கிட்டிலும் பத்துக்குப் பதில் இரண்டே கப்ளிங் போதும்.

குறை என்னவென்றால், ஐந்தாகத்தான் விற்க வேண்டும். 'ஒண்ணு வாங்கிப் பார்க்கிறேன்' என்பவர் அப்படியே திரும்பிவிடுவார். பணம் போட்டு ஐந்தும் வாங்கி ஒட்டி முடித்த பிறகு கண்ணுக்குத் தெரிவது கன்டெய்னர்தான், நம் கைவேலை அதன் அடியில் ஒளிந்துகொள்ளும்.

பிடிபிஎன் மேல் எனக்கு ஆசை அதிகம். எச்ஓ அளவில் பீப்பாயின் விட்டம் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் பிவிசி பைப்பின் வெளிவிட்டம். ஹார்டுவேர் கடையில் அரை மீட்டர் வாங்கினால் மூன்று டேங்கருக்கு ஆகும். கதையும் இருக்கிறது. 2019 ஜூலையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 டேங்கர், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர் என்று தண்ணீர் ரயில் வந்ததே, அதில் வந்தவை இந்த வகை வேகன்கள்தான். அன்று காலிக் குடத்தோடு நின்றவர்கள் இந்த மாடலைச் சும்மா கடந்துபோக மாட்டார்கள். ஆனால் ஏணி, மேல் நடைபாதை, கைப்பிடிக் கம்பி எல்லாம் முடி மாதிரி மெலிசு. பிளாஸ்டிக்கில் செய்தால் தடித்துவிடும், பித்தளைத் தகட்டை ரசாயனத்தால் அரித்தெடுக்கும் எட்சிங் செய்ய வேண்டும். கிட்டின் காசெல்லாம் அதற்கே போகும். முதல் முறை கிட் ஒட்டுகிறவர் ஏணியோடு சேர்த்துத் தன் விரலையும் ஒட்டிக்கொள்வார்.

பிசிஎன்னை யாரும் ஆசையாகக் கேட்பதில்லை. அது ஒரு மூடிய பெட்டி, அவ்வளவுதான். என் ஓட்டு அதற்குத்தான். சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வெளியே தெரியாது. பாக்ஸ்என்னில் சிக்கிய இடமே இங்கே வசதியாகிவிடுகிறது. எடை விஷயமும் அப்படியே. இஞ்சுக்கு அரை அவுன்ஸ், அதோடு ஒரு அவுன்ஸ் என்பது அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் எடைக் கணக்கு. கப்ளிங்கோடு 15,429 மி.மீ. நீளமான பிசிஎன் மாடலில் 177 மி.மீ., ஏழு இஞ்சுக்கு ஒரு நூல் குறைவு. சுமார் 125 கிராம் வேண்டும். பழைய நட்டு போல்ட்டை உள்ளே ஒட்டிக் கூரையை மூடினால் வேலை முடிந்தது. காலி பாக்ஸ்என்னில் அந்த நட்டை எங்கே ஒளிப்பது?

முக்கியமாக, பிசிஎன் தனியாக நின்றாலும் பொருத்தமாக இருக்கும். கூட்ஸ் ஷெட் முன்னால் இரண்டு வேகன், கதவு திறந்திருக்கிறது, ஒரு லாரி, நாலு நெல் மூட்டை. நீடாமங்கலமோ தஞ்சாவூரோ கண்முன் வந்துவிடும். ஷூ பெட்டி அளவு இடம் போதும். இருக்கும் ஒரே தொந்தரவு நீளம்: 18 இஞ்ச் ஆரமுள்ள வளைவில் மூலைகள் வெளியே துருத்தும்.

பாடியைவிட முக்கியம் போகி. நாம் பேச்சில் பெட்டியையே போகி என்கிறோம், நான் சொல்வது அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். பாக்ஸ்என், பிசிஎன், பிடிபிஎன் மூன்றுக்கும் அடியில் இருப்பது காஸ்நப் என்ற வகை போகிதான். அதை ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் மூன்று வேகனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. சக்கரம் 1000 மி.மீ., மாடலில் 11.5. ஐரோப்பிய எச்ஓவின் 11 மி.மீ. சக்கரம் போட்டால் யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை. போகியைத் தனியாகவும் விற்கலாம், பாடியைத் தானே அட்டையில் செய்துகொள்பவர்கள் நிறைய பேர். அதனால் என் வரிசை: காஸ்நப் போகி, அதன் மேல் பிசிஎன், கொஞ்சம் காசு திரும்பினால் பிடிபிஎன்.

எதில் வார்ப்பது? ஆயிரக்கணக்கில் விற்கும் என்றால் ஸ்டீல் அச்சு. நமக்கு நூறு போனாலே பெரிய விஷயம், அதற்கு சிலிகோன் ரப்பர் அச்சில் ரெசின் போதும். மெல்லிசாக மட்டும் வார்க்க வேண்டாம். ஒருவரிடம் வார்த்து வாங்கிய என் முதல் பிசிஎன்னின் பக்கச் சுவர், மே மாத வெயிலில் ஜன்னலோரம் இருந்தே அப்பளம் மாதிரி வளைந்தது. வெந்நீரில் போட்டெடுத்து இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நிமிர்த்தினேன்.

கிட்டில் எண் ஸ்டிக்கரை உதிரி உதிரியாகக் கொடுத்தால் நல்லது. வேகன் எண்ணுக்கு 11 இலக்கம்: முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு, பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசியாகச் சரிபார்ப்பு இலக்கம். ஆளுக்கொரு எண் போட்டுக்கொள்ளலாம். நான் ஆண்டு இடத்தில் 87 போட்டு, மீதியை மனம் போனபடி ஒட்டி அலமாரியில் வைத்திருந்தேன். ரயில்வேயில் ரிட்டையர் ஆன பக்கத்து வீட்டு மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். "கடைசி நம்பர் தப்புப்பா" என்றார்.