பட்டமில்லாமல் நெட்வொர்க் வேலை: சென்னை கோர்ஸா, வீட்டு லேபா, ஊர் கேபிள் ஆபீஸா?

கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பி.காம், பி.ஏ. முடித்தவர்களும் பிளஸ் டூவோடு நின்றவர்களும் நெட்வொர்க் வேலைக்குப் போக ஆசைப்பட்டால் முதலில் கேட்பது, "எந்த இன்ஸ்டிட்யூட்ல சேரலாம்?" என்பதுதான். இருப்பது மூன்று வழி: சென்னை இன்ஸ்டிட்யூட் கோர்ஸ், வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பழகும் லேப், ஊர் கேபிள் ஆபீஸ் வேலை. என் கணக்கில் இன்ஸ்டிட்யூட் அதில் கடைசி.

இந்தத் துறைக்குள் நுழையப் பெரும்பாலோர் எழுதும் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வுக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. 120 நிமிடத் தேர்வு, கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் 25,000 ரூபாயைத் தாண்டிவிடும். வீட்டிலிருந்தே ஆன்லைனிலும் எழுதலாம். பாஸானால் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று தேர்வு கேட்காது. அதனால் எங்கே படிப்பது என்பதைச் செலவையும் கற்கும் வேகத்தையும் வைத்து நாமே முடிவு செய்யலாம்.

சென்னை கோர்ஸை எடுத்துக்கொள்வோம். சொல்லித்தர ஆள் உண்டு, தொட்டுப் பார்க்க உண்மையான ரௌட்டரும் (நெட்வொர்க்குகளை இணைப்பது) ஸ்விட்சும் (ஒரே நெட்வொர்க்கில் கருவிகளை இணைப்பது) உண்டு, கூடப் படிக்க நாலு பேர் உண்டு. தனியாக உட்கார்ந்தால் புத்தகமே திறக்காதவர்களுக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கோர்ஸ் கட்டணத்தோடு ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேரும். வீட்டு நகையை அடகு வைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம், இதற்காக நகையைத் தொடாதீர்கள். "நூறு சதவீதம் வேலை" என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் எந்தக் கம்பெனி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம். தேர்வுக் கேள்விகளை அப்படியே தந்து மனப்பாடம் செய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. அது தேர்வு விதிக்கே விரோதம். அப்படிப் பாஸானவர் இன்டர்வியூவில், "/26 போட்டால் எத்தனை ஐபி கிடைக்கும்?" என்ற சாதாரணக் கேள்விக்கே திணறுவார். /26 அளவு நெட்வொர்க்கில் மொத்தம் 64 முகவரி, கருவிகளுக்குக் கொடுக்க முடிவது 62. அந்த 62 பட்டென்று வரவேண்டும்.

வீட்டு லேபுக்குக் காசு அதிகம் ஆகாது. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிந்துகொண்டால் நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். கொஞ்சம் நல்ல லேப்டாப் இருந்தால் அதே போன்ற ஜிஎன்எஸ்3 மென்பொருளைப் போடலாம், அதுவும் இலவசம். ரௌட்டர் செய்யும் மைக்ரோடிக் நிறுவனத்தின் சிஹெச்ஆர் என்ற மென்பொருள் ரௌட்டரை இலவச உரிமத்தில் அதற்குள் ஓட்டலாம். ஒரு இன்டர்ஃபேஸுக்கு 1 எம்பிபிஎஸ் வேகம்தான் கிடைக்கும், கற்றுக்கொள்ள அது தாராளம். சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில் ஐபி இணைப்புக்கு மட்டும் 25 சதவீதம், அடிப்படைக்கும் ஸ்விட்சிங்குக்கும் தலா 20. இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே முழுதாகப் படித்துவிடலாம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நீங்களே கட்டிய லேபில் நீங்கள் வைக்கும் தவறுதான் இருக்கும். பாக்கெட் டிரேசரில் கேபிளுக்குள் மழைத்தண்ணீர் இறங்காது, யாரும் போன் போட்டுத் திட்டவும் மாட்டார்கள்.

அதனால்தான் மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் எழுதுகிறேன். கேபிள் டிவி நடத்தியவர்களில் பலர் இன்று பைபர் இன்டர்நெட்டும் கொடுக்கிறார்கள். அங்கே லைன் பார்க்கும் வேலைக்கு யாரும் பட்டம் கேட்பதில்லை. சம்பளம் குறைவு, வெயில் அதிகம். ஆனால் கண்முன்னே ஒரு முழு நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கும்.

"தம்பி, காலையிலேர்ந்து நெட் வரல."

"அக்கா, பாக்ஸ்ல ரெட் லைட் எரியுதா பாருங்க."

எரிகிறது என்றால் பைபர் கொண்டுவரும் சிக்னல் வெளிச்சம் வீடு வரை வரவில்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது. ஆபீஸில் எல்லா வீட்டு பைபரும் தொடங்கும் ஓஎல்டி கருவி ஏறக்குறைய +4 டிபிஎம் (வெளிச்சத்தின் வலிமையை அளக்கும் அலகு) அளவில் வெளிச்சத்தை அனுப்புகிறது என்று வையுங்கள். வழியில் எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றிலும் 10 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே போகும். பைபரிலும் ஜாயின்டிலும் இன்னும் இரண்டு போகும். ஆக, வீட்டில் பவர் மீட்டர் -19 பக்கம் காட்டவேண்டும். ஆறு, வாய்க்கால், கடைமடை என்று தண்ணீர் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மீட்டர் -27 காட்டினால் பாக்ஸ் தாங்கும் எல்லைக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் -19, இங்கே மட்டும் -27 என்றால் கோளாறு கடைசி ஸ்ப்ளிட்டருக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில். இரண்டு வீட்டிலும் -27 என்றால் அந்த ஸ்ப்ளிட்டரிலிருந்து ஆபீஸ் பக்கமாகப் போய்ப் பாருங்கள். எங்கே உடைந்தது என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டே தேடும் இந்தப் பழக்கம்தான் நெட்வொர்க் என்ஜினீயரின் அன்றாடப் பிழைப்பு.

லைட் பச்சையாக இருக்கும், ஆனால் சில சைட் மட்டும் திறக்காது. அது வேறு ரகம். ஊர் ஆபரேட்டர்கள் பலர் பிபிபிஓஇ (பயனர்பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் முறை) வழியாகத்தான் கனெக்‌ஷன் தருகிறார்கள். ஒரு பாக்கெட்டில், அதாவது ஒரு தடவை அனுப்பும் தரவுத் துண்டில், 1500 பைட் போகும். பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போனால் மிஞ்சுவது 1492. பெரிய பாக்கெட் நடுவில் சிக்கி, 'பாக்கெட் பெரிது' என்ற செய்தியும் அனுப்பிய இடத்துக்குத் திரும்பி வராமல் போனால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ரௌட்டரில் எம்எஸ்எஸ் அளவை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) 1452-க்கு இறக்கினால் சரியாகிவிடும். இரவில் படித்த டிசிபி (தரவைத் துண்டாக்கி அனுப்பும் விதி) பாடமும் பகலில் பார்த்த கம்ப்ளெயின்டும் இந்த இடத்தில் கைகோக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கம்பங்கள் சாய்ந்தால் அதில் கட்டிய பைபரும் போகும். ஒரே சாலையோரமாக ஒரே கேபிளை நம்பிய கிராமம் ஒரு அறுப்பில் துண்டாகிவிடும். இரண்டு பக்கமிருந்தும் வளையமாக இணைத்து ரௌட்டர்கள் தாமாக வழி தேடும் ஓஎஸ்பிஎஃப் முறையை ஓடவிட்டிருந்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் போக்குவரத்து மறுபக்கம் திரும்பும். வளையம் எதற்கு என்று புயல் அடிக்கும் ஊரில் வேலை பார்த்தவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்த வழியிலும் பள்ளம் உண்டு. ரௌட்டர் பாஸ்வேர்டு முதலாளியிடமே இருந்தால் நீங்கள் ஐந்து வருஷம் கழித்தும் ஏணியோடுதான் நிற்பீர்கள். சேரும்போதே, "அண்ணே, சாயங்காலம் ஓஎல்டி, ரௌட்டர் வேலையையும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்" என்று கேட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் அந்தத் திரை பக்கமே விடவில்லை என்றால் ஆபீஸை மாற்றுங்கள். கரன்ட் போகும் கம்பத்தில் ஏறச் சொன்னால் மட்டும் எந்தச் சம்பளத்துக்கும் சம்மதிக்காதீர்கள்.

ஆக நான் சொல்வது, பகலில் கேபிள் ஆபீஸ், இரவில் வீட்டு லேப். இன்ஸ்டிட்யூட்டுக்குத் தரும் பணத்தில் சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ ஸ்விட்ச் ஒன்று வாங்கி, மீதியைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மைக்ரோடிக்கின் எம்டிசிஎன்ஏ என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் ஊர் ஆபரேட்டரிடம் மதிப்புள்ளது. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ ஹெச்ஆர் தேடுவது சிசிஎன்ஏ என்ற பெயரை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சிசிஎன்ஏ. பாஸானதும் இரவு ஷிப்ட் நாக் (நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மையம்) வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள். ரெஸ்யூமேயில் "சிசிஎன்ஏ" என்று மட்டும் எழுதாமல் நீங்கள் கண்டுபிடித்த கோளாறுகளில் மூன்றை விவரமாக எழுதுங்கள். இன்டர்வியூவில் பேச்சு அங்கேயே நிற்கும், அது உங்கள் மைதானம்.

பட்டம் தேவையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஏதாவது ஒரு டிகிரி இல்லாவிட்டால் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் நினைக்கும் சிங்கப்பூரிலும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) 2023 செப்டம்பரிலிருந்து வந்த காம்பஸ் புள்ளி முறையில் கல்வித்தகுதிக்குத் தனிப் புள்ளி உண்டு. பி.காம் கையில் இருப்பவர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டாம். பிளஸ் டூவோடு நின்றவர்கள் வேலையில் சேர்ந்த வருஷமே இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பிசிஏ போட்டுவிடுங்கள். அது 3 ஆண்டு, சிசிஎன்ஏ செல்லுபடியாவதும் 3 ஆண்டு. காலாவதியாகும் முன் அதே தேர்வை மறுபடி எழுதாமல் அடுத்த நிலையான 350-401 என்கோர் தேர்வை எழுதிப் பாஸானால் சிசிஎன்ஏவும் சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டுவிடும்.