பட்டியல் போட்டுப் பெயர் வாங்க: எக்ஸ் லிஸ்டா, புளூஸ்கை பேக்கா?

துறை வல்லுநர்களைத் திரட்டிப் பட்டியல் போட்டு, அந்த வெளிச்சத்தில் தானும் கொஞ்சம் நின்றுகொள்வது சமூக ஊடகத்தில் பழைய உத்தி. காசு செலவில்லை, உழைப்பு மட்டும்தான். ஆனால் பட்டியலுக்குப் பட்டியல் பலன் மாறும்.

தேர்ந்தெடுத்தவர்களின் பதிவுகளை மட்டும் தனியாகப் பார்க்கும் லிஸ்ட் வசதியை ட்விட்டர் கொண்டுவந்தது 2009-ல். எக்ஸ் ஆன பிறகும் அது இருக்கிறது. ஒரு லிஸ்டில் 5,000 பேர் வரை சேர்க்கலாம். பப்ளிக் லிஸ்டில் ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகும். இதன் விளம்பர பலமே அதுதான். 'நிலத்தடி நீர் வல்லுநர்கள்' என்று பெயர் வைத்திருந்தால், யார் இந்த ஆள் என்று அவர் உங்கள் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அதே ஆட்களை 'வாடிக்கையாளர் ஆகக்கூடியவர்கள்' என்று போட்டுவிட்டு, பிரைவேட் ஆக்க மறந்தால்? அந்தப் பெயரும் அப்படியே அவர் கண்ணில் படும். உங்களை பிளாக் செய்தால் லிஸ்டிலிருந்து விலகிவிடலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இன்னொரு குறை, உங்கள் லிஸ்டைப் பின்தொடர்பவர் உங்களைப் பின்தொடர்வதாகக் கணக்கில்லை.

எக்ஸ் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கை 2024-ல் கொண்டுவந்தது ஸ்டார்ட்டர் பேக், அதாவது பின்தொடரத் தக்கவர்களைத் தொகுத்துத் தரும் பட்டியல். இதில் 150 பேருக்குத்தான் இடம். ஆனால் இணைப்பைத் திறந்தவர் ஒரே தட்டில் எல்லோரையும் பின்தொடர்ந்துவிடலாம். பேக்கை உருவாக்கியவர் பெயரும் கூடவே தெரியும். அந்த ஆண்டு நவம்பரில், அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தபோது இந்த பேக்குகள்தான் கைக்குக் கை மாறின. அலை அடிக்கும்போது இதற்கு நிகரில்லை. அலை ஓய்ந்தால் எண்ணிக்கை மட்டும் மிஞ்சும்: மொத்தமாகப் பின்தொடர்ந்தவருக்கு உங்களை ஏன் பின்தொடர்ந்தோம் என்றே நினைவிருக்காது. 'தலைசிறந்த வல்லுநர்கள்' என்று தலைப்பிட்டு அந்த வரிசையில் தானும் நிற்கிறவர்களும் உண்டு. சரி, அது அவரவர் துணிச்சல்.

என் ஓட்டு, யாருக்கும் தெரியாத பிரைவேட் லிஸ்டுக்கு. யாருமே பார்க்காத பட்டியலில் என்ன விளம்பரம் என்று கேட்கலாம். உங்கள் துறையைப் பற்றி எழுதும் செய்தியாளர்கள் முப்பது நாற்பது பேரை அதில் போட்டு, தினமும் ஒரு பார்வை பாருங்கள். 'இதைப் பற்றிப் பேச விவரம் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?' என்று அவர்களில் ஒருவர் கேட்பார். சுடச்சுட, இரண்டே வரியில், தகவலோடு பதில் போடுகிறவர் பெயர்தான் செய்தியில் வரும். செய்தியாளர்களின் இப்படிப்பட்ட கேள்விகளை மின்னஞ்சலில் வல்லுநர்களுக்கு அனுப்ப 2008-ல் தொடங்கிய ஹாரோ சேவை, பெயர் மாறி, 2024 இறுதியில் மூடி, அடுத்த ஆண்டு வேறு கைக்குப் போய்த் திரும்ப வந்தது. அங்கே ஒரு கேள்விக்குப் பதில்கள் வந்து குவியும். டைம்லைனில் கேட்கும் செய்தியாளருக்கு முதல் அரை மணி நேரத்தில் அவ்வளவு நெரிசல் இருப்பதில்லை. அதற்குள் போய்விட வேண்டும்.