‘கெமிக்கலே இல்லக்கா’ என்று ஜன்னல் கழுவ வருகிறவர்கள்: போகிக்கு முன் ஓர் எச்சரிக்கை

போகிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே சென்னைப் புறநகர் அடுக்குமாடிகளில் துண்டுச் சீட்டு வந்துவிடும். ஜன்னல், கிரில், பரண், பாத்ரூம் எல்லாம் சுத்தம் செய்து தருகிறோம், வீட்டிலேயே தயாரித்த இயற்கைத் திரவம்தான் என்று போட்டிருக்கும். இந்த முறை எங்கள் வளாகத்துக்கு அப்படி வந்த ஒரு குழு பல வீட்டு அலுமினிய ஜன்னல்களைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்கள் பெயரை நான் இங்கே போடவில்லை. அடுத்த தெருவுக்கு வேறு பெயரில் வருவார்கள். செய்முறை மாறாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வந்ததும் ஒரு டம்ளரில் வினிகரை ஊற்றி ஆப்பசோடாவைப் போடுவார்கள். புஸ்ஸென்று நுரை பொங்கும். “பாருங்கக்கா, எல்லாம் சமையல்கட்டுச் சாமான்.” பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வினிகரின் புளிப்பும் சோடாவின் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். வெளியேறுவது கரியமில வாயு. அந்தக் கலவையால் ஜன்னலில் ஒரு கறையும் போகாது. தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் வேலை உண்டு.

ஜன்னலில் உண்மையில் அடிப்பது வேறு பாட்டில். சாயமும் எலுமிச்சை வாசனையும் கலந்த பாத்ரூம் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். போர் தண்ணீர் தெறித்துப் படிந்த வெள்ளைக் கறை பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. ஆசிட் பட்டால் நொடியில் கரைந்துவிடும். கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகாது. அன்று மாலை ஜன்னல் பளபளக்கும், நாமும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிடுவோம். சேதம் தெரிவதற்குச் சில வாரம் ஆகும், அதுதான் அவர்களுக்கு வசதி.

கெடுவது கண்ணாடியைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டம். சிலைடிங் ஜன்னலின் கீழ் ட்ராக்கில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தூசி அடைத்திருந்தால் ஆசிட் அங்கேயே தேங்கும். அலுமினியத்தின் மேல்பூச்சை அரித்து உலோகத்தில் குழி போடும், வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். கதவுக்கு அடியில் இருக்கும் இரும்பு ரோலரும் ஸ்குரூவும் ஆவி பட்டே துருப்பிடிக்கும், பிறகு கதவு நகராது. கீழே ஒழுகினால் கடப்பா கல், மார்பிள், மொசைக் மூன்றும் மங்கும். மூன்றிலும் சுண்ணாம்பு இருக்கிறதே.

அடுத்தது பச்சை ஸ்கிரப்பர். அதில் உராய்வுத் துகள் ஒட்டியிருக்கும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் தேய்த்தால் ஃபிலிம் போச்சு. வெறும் கண்ணாடியிலும் மெல்லிய கீறல் விழலாம், காலைச் சாய்வெயிலில்தான் கண்ணில் படும்.

பாட்டிலைச் சோதிப்பது சுலபம். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, சாப்பாடு பொதியும் அலுமினியத் தாள் ஒரு துண்டை அதில் போடுங்கள். பால்கனியில் வைத்து, அடுப்பும் தீக்குச்சியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் குமிழி கிளம்பி, கிண்ணம் சூடேறி, தாள் கரைய ஆரம்பித்தால் அது சமையலறைச் சாமான் இல்லை. வினிகரிலோ பழத்தோல் ஊறிய பயோ என்சைமிலோ தாள் அப்படியே கிடக்கும்.

பணத்திலும் ஒரு கை வைக்கிறார்கள். ஜன்னலுக்கு 150 ரூபாய் என்று பேசிவிட்டு, இரண்டு கண்ணாடியும் ஒரு கொசுவலையும் உள்ள மூன்று ட்ராக் ஜன்னலை மூன்றாக எண்ணி 450 கேட்டார்கள். கிரில் தனிக் கணக்காம். ஆகவே ‘ஒரு சுவர்த் திறப்பு ஒரு ஜன்னல், வலையும் ட்ராக்கும் கிரில்லும் சேர்த்து’ என்று வாட்ஸப்பில் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்டபிறகு ஆள் வரட்டும்.

ஆள் அவர்களுடையதாக இருந்தாலும் திரவம் உங்களுடையதாக இருக்கட்டும். கண்ணாடிக்கு: ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், 100 மில்லி வெள்ளை வினிகர், பாத்திரம் கழுவும் லிக்விட் மூன்றே சொட்டு. சொட்டு கூடினால் கோடு கோடாகத் தெரியும். போர் தண்ணீரில் கலந்தால் காய்ந்ததும் அதே உப்பு மறுபடி படியும்.

பழைய உப்புக்கறைக்கு, மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியை நனைத்துக் கறைமேல் பத்து நிமிடம் ஒட்டிவையுங்கள். கையுறை போடுங்கள். பிறகு மெல்லிய ஸ்பாஞ்சால் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இதுவும் புளிப்புதான், கடப்பா கல்லையும் மார்பிளையும் மங்கவைக்கும். எனவே ஜன்னல் திண்டின்மேல் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் பழைய துண்டைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதற்கும் மசியாத கறை பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே இறங்கியிருக்கும். அதற்குப் பாலிஷ்தான் வழி, ஆசிட் இல்லை.

வரிசை முக்கியம். முதலில் வலையைக் கழற்றி, ட்ராக்கை உலர்ந்த பிரஷால் கூட்டி, ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறக்க வேண்டும். தூசிமேல் தண்ணீர் ஊற்றினால் சேறாகி உள்ளே இறங்கும். வெயில் நேராக அடிக்கும் ஜன்னலை அந்நேரம் தொடாதீர்கள், துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகும். வைப்பரை மேலிருந்து கீழே இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்க வேண்டும். வாஷிங் சோடாவைச் சட்டத்தில் போடவிடாதீர்கள், காரமும் அலுமினியத்தை அரிக்கும்.

பாத்ரூமுக்கும் அதே ஆட்கள் என்றால் பிளீச்சிங் பவுடரை முன்பே எடுத்து ஒளித்துவையுங்கள். அதோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஏற்கெனவே ஆசிட் பட்ட வீடுகளில் ட்ராக்கை முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்து ஊற்றி, குமிழி அடங்கியபின் மறுபடி அலசித் துடையுங்கள். அரிப்பு அதோடு நிற்கும். பூத்த வெள்ளை போகாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். துருப்பிடித்த ரோலரை மட்டும் மாற்றலாம், அதற்காக முழு ஜன்னலையும் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். மங்கிய கடப்பா மேடையை மொசைக் பாலிஷ் போடுகிறவர் சரிசெய்வார்.